அடித்தாலும் அழாத பிள்ளை: வீட்டில் என்ன செய்யலாம்

என் அண்ணன் மகன் ஆறு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்குள் அவன் மூன்று வீடு மாறியிருந்தான், எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை, அது அவன் சொல்ல வேண்டிய கதை. வந்த இரண்டாவது வாரம் மாடிப்படியில் உருண்டு முழங்கால் கிழிந்து ரத்தம் ஓடியது. அழவில்லை. என்னைத் தேடவும் இல்லை. தொட்டியடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு திரும்பவும் விளையாடப் போய்விட்டான். அடுத்த மாதம் எதிர்வீட்டு நாய்க்குட்டியின் காலைத் திருகிக்கொண்டிருந்தான், குட்டி கத்தக் கத்த அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, முகத்தில் கோபமே இல்லாமல், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் மாதிரி.

"அழுத்தக்காரப் பய" என்றார் என் மாமியார். பக்கத்து வீட்டில் "சைக்கோ" என்றார்கள். நான் ராத்திரி இரண்டு மணிக்கு மொபைலில் தேடித் தேடிப் படித்து, கொலைகாரர்களின் சின்ன வயசுக் கதைகளாகவே வந்து விழ, விடியும்வரை தூங்காமல் கிடந்தேன். அப்படி இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எட்டு வருடமாக ஒரு பிள்ளையை வளர்த்தவள், நிறையப் படித்தவள், சில தப்புகளைச் செய்து திருத்திக்கொண்டவள், அவ்வளவுதான்.

முதலில் வார்த்தைகளைச் சரி செய்துகொள்வோம்

நம் ஊரில் "சைக்கோ" என்பது கோபக்காரன், பைத்தியம், சினிமா வில்லன் எல்லோருக்கும் பொதுப்பெயர். காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று நிஜத்தை விட்டு விலகிப்போவது வேறு நோய். சைக்கோபாத் என்று மருத்துவர்கள் சொல்வது நிஜம் நன்றாகத் தெரிந்த, ஆனால் அடுத்தவர் வலி உள்ளே போய்த் தைக்காத சுபாவத்தை. "ட்ராமா" இன்னும் மோசம். சின்ன வயசு ட்ராமா என்று நான் சொன்னதும் என் மாமியார், "ஆமா, அவன் போடறது எல்லாம் டிராமாதான்" என்றார். அதனால் நான் மனக்காயம் என்றே சொல்கிறேன்.

பெரியவர்களை அளக்க கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40. அமெரிக்காவில் வழக்கமாக 30-ஐத் தொட்டால்தான் அந்தப் பெயர். பயிற்சி பெற்றவர் ஆளோடு நேரில் பேசி, கோப்புகளைப் படித்துப் போடும் மதிப்பெண் அது, பெரும்பாலும் சிறைகளில். மொபைலில் பத்து கேள்விக்கு டிக் அடிக்கும் விளையாட்டு வேறு. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைப்பதில்லை. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற முடிவைக்கூட 18 வயதுக்கு முன் எழுதக்கூடாது என்பது விதி. பிள்ளைகளிடம் பார்ப்பது இதைத்தான்: தப்பு செய்துவிட்டு உறுத்தல் இல்லை, அடுத்தவர் வலி பொருட்டில்லை, பள்ளியில் எப்படிச் செய்கிறோம் என்ற அக்கறை இல்லை, முகத்தில் உணர்ச்சி மேலோட்டம். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, கடுமையான நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளையிடம் இந்த நான்கில் இரண்டு அம்சமாவது குறைந்தது 12 மாதம், ஒரே இடத்தில் இல்லாமல் பல இடங்களில், பல பேரிடம் தெரிந்தால்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒரு நாய்க்குட்டி, ஒரு மாலை நேரம் என்பது கணக்கில் வராது.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் அது ஏற்கனவே இருக்கிறது: நெஞ்சில் ஈரம் இல்லை. நான் ஈரமின்மை என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஈரம் காய்வது இரண்டு வழியில்

1941-லேயே பென் கார்ப்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த ஆட்கள் உண்மையில் இரண்டு வகை என்றார். ஒரு வகையில் அந்தக் குளிர்ச்சி பிறப்போடு வருவது, இன்னொரு வகை காயம் பட்டுப் பட்டு மூடிக்கொண்டது. இரண்டாவது வகையிடம் கவலையும் பயமும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், வெளியே மட்டும் கல்.

பிறப்போடு வருவது கட்டுக்கதை இல்லை. இங்கிலாந்தில் எஸ்ஸி வைடிங் குழு 3,600-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஏழு வயதில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவில், ஈரமின்மையில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மரபணு சார்ந்தது. இதைப் படித்ததும் "அப்பன் ரத்தம்" என்று கையை விரிப்பதற்கு முன்னால் 2016-இல் வந்த இன்னொன்றையும் படியுங்கள். பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட 561 அமெரிக்கப் பிள்ளைகள். பெற்ற தாய்க்குக் கடுமையான நடத்தைச் சிக்கல் இருந்தால், அவள் வளர்க்காதபோதும், இரண்டேகால் வயதில் பிள்ளையிடம் ஈரமின்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வளர்ப்புத் தாய் பாராட்டியும் சிரித்தும் வளர்த்த வீடுகளில் அந்த வழி அடைபட்டுப்போனது. ரத்தம் அதேதான், வீடு மாறியது.

காயத்தால் வருவதற்குப் பழைய சான்று 1944-இல் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதியது. லண்டனில் குழந்தைகள் வழிகாட்டு மையத்துக்கு வந்த 44 சின்னத் திருடர்கள். அவர்களில் 14 பேரைப் பாசமற்றவர்கள் என்று தனியாகக் குறித்தார், அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் நீண்டகாலம் தாயைப் பிரிந்தவர்கள். மீதி 30 திருடர்களில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர்தான். சிறிய ஆய்வு, தானே குறித்துத் தானே எண்ணியது, ஓட்டைகள் உண்டு. ஆனால் ஒட்டுதல் என்ற விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது: பயந்தால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் திரும்பத் திரும்ப வந்து தூக்க வேண்டும், அப்போதுதான் உலகம் ஆட்களால் ஆனது என்று பிள்ளைக்குப் பதியும்.

ருமேனியாவில் இதை நெஞ்சு பதறும் அளவில் பார்த்தார்கள். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது, வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள், 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபின் உள்ளே போனவர்கள் வரிசை வரிசையாகத் தொட்டில்களைப் பார்த்தார்கள். பலருக்கு மறக்காமல் போனது அங்கே இருந்த அமைதி. அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடும். 2000-இல் புக்காரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட 136 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 12 வயதில் பார்த்தபோது, இல்லங்களில் தொடங்கிய பிள்ளைகளிடம் ஈரமின்மை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தது. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பையன்களிடம் அது, போகாத பையன்களைவிடக் குறைவு. எது அந்த வித்தியாசத்தைச் செய்தது என்று தோண்டியபோது கிடைத்ததுதான் எனக்கு இந்த வழி முழுவதற்கும் சாவி: பிள்ளை வேதனையில் இருக்கும்போது வளர்ப்பவர் கவனித்து வந்து நிற்கிறாரா என்பது.

எனக்கு முழங்கால்தான் ஞாபகம் வந்தது. அவன் அழாததால் வலிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பியிருந்தேன்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அடிபட்ட பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஆவதில்லை. அமெரிக்காவில் கேத்தி விடம் என்பவர், கொடுமைக்கும் கைவிடலுக்கும் ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான 908 பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார். அவர்களில் 26 சதவீதம் பேர் சிறுவயதிலேயே கைதானார்கள், ஒப்பிட எடுத்த மற்றப் பிள்ளைகளில் 17 சதவீதம். கூடுதல்தான். ஆனாலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிறுவயதில் கைதாகவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள்

80 பக்க நோட்டு போதும். சம்பவம் நடந்த அன்றே எழுதுங்கள்: மணி என்ன, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், நீங்கள் என்ன செய்தீர்கள், பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம். "திமிர் பண்ணினான்" என்று எழுதாதீர்கள், அது உங்கள் கோபம். "தம்ளரைச் சுவரில் எறிந்தான்" என்று எழுதுங்கள். இரண்டு மாதம் இப்படி.

பார்க்க வேண்டியது இது. கோபம் சூடா குளிரா? சூடான கோபத்தில் மூச்சு வாங்கும், முகம் சிவக்கும், ஏதோ ஒன்று தூண்டியிருக்கும், பிறகு சோர்ந்து தூங்கிவிடுவான். குளிர்ந்ததில் கணக்கு இருக்கும், ஆள் இல்லாத நேரம், கிடைக்கப்போகும் லாபம், மாட்டிக்கொண்டால் சொல்லத் தயாராக ஒரு கதை. ராத்திரி அலறி எழுகிறானா, படுக்கையை நனைக்கிறானா, கதவு அடித்துச் சாத்தினால் உறைந்து நிற்கிறானா, தின்பண்டத்தை ஒளித்து வைக்கிறானா? இவையெல்லாம் உள்ளே பயம் ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளம். எங்கள் நோட்டில் நான்காவது வாரம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது, அவன் அப்பா "ஞாயித்துக்கிழமை வரேன்" என்று போனில் சொல்லி வராமல்போன திங்கள், செவ்வாயில்தான் பாதிக்கும் மேல் சம்பவங்கள். தலையணை உறைக்குள் பிஸ்கட்டும் காய்ந்த சப்பாத்தியும் இருந்தன. எங்கள் பையன் பெரும்பாலும் காயப்பட்டு மூடிக்கொண்ட வகை. ஆனால் நாய்க்குட்டி சம்பவம் அதில் பொருந்தவில்லை, இன்றுவரை பொருந்தவில்லை. ஒரே பிள்ளையிடம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், தராசு போட்டுப் பிரிக்க வேண்டாம்.

இந்த நேரத்திலேயே காதும் கண்ணும் சோதித்துவிடுங்கள், கேட்காத பிள்ளையை அலட்சியக்காரன் என்று எத்தனையோ வீட்டில் திட்டுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் இதோடு குழப்புவார்கள். பொதுவாக அந்தப் பிள்ளைக்கு உங்கள் முகத்தில் இருப்பது வருத்தம் என்று படிப்பது கடினம், புரிந்துவிட்டால் தானும் வருந்தும். ஈரமின்மையில் புரிகிறது, தைப்பதில்லை. யாராவது அவனைத் தொட்டுத் தொந்தரவு செய்கிறார்களா என்பதையும் மனதில் வையுங்கள், பையன்தானே என்று தள்ளிவிடாதீர்கள். 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள், அதில் பையன்கள் பாதிக்குக் குறையாமல் இருந்தார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். தெரிந்தவர் யாரானாலும் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குடும்ப மானம் பிறகு.

நம் வீட்டுப் பழக்கங்களில் நிறுத்த வேண்டியவை

இதில்தான் நான் பெரியவர்களோடு அதிகம் சண்டை போட்டேன்.

பிள்ளைக்கு வேடிக்கை காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிப் போவது. அழுவானே என்று நல்ல எண்ணத்தில் செய்கிறோம். ஏற்கனவே ஆட்கள் காணாமல்போன பிள்ளைக்கு அது இன்னொரு காணாமல்போதல். சொல்லிவிட்டுப் போங்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வாருங்கள். அழட்டும், அழுகை நல்ல செய்தி.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்", "ஹாஸ்டல்ல சேத்துடுவேன்." பாசத்தில் ஊறிய பிள்ளை இதைக் கேட்டுச் சிரிக்கும். நம் பிள்ளை இதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்து வைக்கும். நிஜமாகவே எடுத்து வைத்தான், இரண்டு சட்டை, ஒரு பம்பரம்.

அப்புறம் அடி. "அடியாத மாடு படியாது", "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடப்பது என்ன? அடி பாடமாக வேண்டுமானால், தப்புக்கும் வரப்போகும் வலிக்கும் நடுவில் உடம்பில் ஒரு மணி அடிக்க வேண்டும். பிறப்பிலேயே பயம் குறைந்த பிள்ளைக்கு அந்த மணி மெதுவாகத்தான் அடிக்கும். மாட்டிக்கொள்ளாமல் செய்வது எப்படி என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். காயப்பட்ட பிள்ளைக்கு மணி ஏற்கனவே ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, உங்கள் அடி அதில் ஒரு சத்தம், அவ்வளவே. நீங்களும் பழைய வீட்டு ஆட்களும் ஒன்று என்று மட்டும் உறுதியாகும். அமெரிக்காவின் அயோவாவில் கிரசீனா கோசான்ஸ்கா என்ற ஆராய்ச்சியாளர் சின்னக் குழந்தைகளைப் பல வருடம் கவனித்துச் சொன்னது இது: பயந்த சுபாவப் பிள்ளைக்கு மனசாட்சி மென்மையான கண்டிப்பால் வளர்கிறது. பயமில்லாத பிள்ளைக்குக் கண்டிப்பு மென்மையோ கடுமையோ பெரிதாக வேலை செய்வதில்லை, தாயோடு இருக்கும் ஒட்டுதலும் சந்தோஷமும்தான் அங்கே வேலை செய்கின்றன. அதாவது கண்டிப்பு வேண்டும் என்று ஊர் சொல்லும் அதே பிள்ளைக்குத்தான் பாசம் அதிகம் தேவை. இது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை, நாய்க்குட்டி காலைத் திருகியவனை மடியில் உட்கார வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்.

கண்டிப்புக்குப் பதிலாக

ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் இருவரும் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் (2005), பரிசும் பாராட்டும் ஈரமற்ற பையன்களிடமும் மற்றவர்களைப் போலவே பலித்தது, மூலையில் தனியாக உட்கார வைக்கும் தண்டனைதான் அவர்களிடம் எடுபடவில்லை. அதனால் எடையைப் பரிசுப் பக்கம் போடுங்கள்.

நாங்கள் புளியங்கொட்டை வைத்துக்கொண்டோம். சொன்னதும் வந்தால் ஒன்று, பாப்பாவிடம் பொம்மையைத் தானாகக் கொடுத்தால் இரண்டு, எடுத்ததை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் மூன்று. பாட்டிலில் இருபது சேர்ந்தால் பரோட்டா கடை. கொட்டை அந்த நிமிடமே விழ வேண்டும், ராத்திரி சேர்த்துத் தருகிறேன் என்றால் செத்துப்போகும். நான் செய்த பெரிய தப்பு: ஒருநாள் அவன் பொய் சொன்ன கோபத்தில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். பதினெட்டு கொட்டை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ஆறு வாரம் ஒரு கொட்டைகூட வாங்கவில்லை. சம்பாதித்ததைப் பிடுங்காதீர்கள்.

விதி மூன்றுக்கு மேல் வேண்டாம். மீறினால் விளைவு சின்னதாக, சீக்கிரமாக, குரல் உயராமல். கத்துவது அவனுக்குச் சினிமா.

விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "நீ எடுத்தியா?" என்பது பொய் சொல்ல அழைப்பு. "உண்டியல்ல நாப்பது ரூபாய் குறையுது, நீ எடுத்திருக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படித் திருப்பப் போறேன்னு சொல்லு." அங்கே முடித்துவிட்டு இட்லி வையுங்கள்.

"சாரி சொல்லு" என்று நிற்க வைப்பதையும் விட்டுவிட்டோம். உள்ளே இல்லாத வருத்தத்தை முகத்தில் கொண்டுவரப் பழக்கினால் நல்ல நடிகன்தான் கிடைப்பான், அதிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு வேஷம் கைவந்த கலை. செய்ததைச் சரி செய்ய வையுங்கள். நாய்க்குட்டிக்கு ஒரு மாதம் தினமும் காலையில் பால் ஊற்ற வேண்டும், என்னோடு சேர்ந்து, நான் பக்கத்தில் நின்றால்தான். வருத்தம் வந்ததா தெரியாது. மூன்றாவது வாரத்தில் குட்டி வாலாட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தது, அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஒட்டுதலைக் கட்டுவது

தினமும் பத்து நிமிடம் அவன் சொல்கிற விளையாட்டு. நீங்கள் கேள்வி கேட்கக்கூடாது, திருத்தக்கூடாது, பாடம் நடத்தக்கூடாது, போன் வேறு அறையில். அன்று அவன் என்ன அநியாயம் செய்திருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் உண்டு, அதைத் தண்டனையாக வெட்டாதீர்கள். முதல் மாதம் உயிர் போகும் அளவுக்குப் போரடிக்கும்.

அவன் விழுந்தால், அவன் அழாவிட்டாலும், நீங்கள் எழுந்து போங்கள். "வலிச்சிருக்கும்" என்று சொல்லி மருந்து போடுங்கள். கையைத் தட்டிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கட்டிப்பிடிக்கத் துரத்தாதீர்கள், பல பிள்ளைகளுக்கு அணைப்பு என்பது பழைய வீட்டில் வேறு பொருளில் நடந்தது. எண்ணெய் தேய்த்து விடுவது, முடி வாருவது, நகம் வெட்டுவது, இதெல்லாம் தொடுதல்தான், ஆனால் வேலை என்ற பேரில் நடப்பதால் கூச்சம் இல்லை.

கண். இது தனி விஷயம். ஈரமற்ற பிள்ளைகள் பயந்த முகத்தை அடையாளம் காண்பதில் பின்தங்குவார்கள், ஆனால் "கண்ணைப் பார்" என்று சொன்னாலே அந்தக் குறை பெருமளவு சரியாவதை டாட்ஸ் குழு 2006-இல் கண்டது. பின்னால் அம்மாவோடு விளையாட விட்டுப் பார்த்தபோது, இந்தப் பிள்ளைகள் அம்மாவின் கண்ணையே குறைவாகத்தான் பார்த்தார்கள், அம்மா பார்க்காமல் இல்லை. "என் கண்ணைப் பாத்து பதில் சொல்லுடா" என்று அதட்டும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள், கண் என்றாலே விசாரணை என்று ஆகிவிடும். சந்தோஷமான நேரத்தில் கண்ணைக் கொண்டுவாருங்கள். நாங்கள் டிவி சீரியலை ஒலி நிறுத்திவிட்டு ஓட விடுவோம், இந்த அக்காவுக்கு இப்போது பயமா, பொறாமையா, சோகமா, கண்ணை மட்டும் பார்த்துச் சொல். நம் சீரியல்களில் ஒரே முகபாவத்தை மூன்று தடவை மூன்று கோணத்தில் காட்டுவார்கள், பாடம் எடுக்க இதைவிட வசதி கிடையாது. சரியாகச் சொன்னால் புளியங்கொட்டை.

வீட்டில் சின்னப் பிள்ளையோ கன்றுக்குட்டியோ இருந்தால் முதல் வருடம் தனியாக விடாதீர்கள். நம்பிக்கை இல்லை என்று அவனிடம் சொல்லாமல், உங்கள் கண் படும் இடத்தில் விளையாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் அசட்டை கூடாது.

டாக்டரிடம்

மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. நோட்டை எடுத்துப் போங்கள், "கெட்ட பிள்ளை" என்ற அரைமணி நேரப் புலம்பலைவிட நோட்டின் நான்கு பக்கம் டாக்டருக்கு அதிகம் சொல்லும். ஈரமின்மைக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே கவனக்குறைவுக் கோளாறோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, அது சரியானால் பாதிச் சண்டை குறையும். பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பார்களா, பள்ளியோடு பேசுவார்களா என்று கேளுங்கள்.

நாங்கள் முதலில் போன ஒரு தனியார் இடத்தில் இணையத்தில் எடுத்த கேள்வித்தாளை ஏழு வயதுப் பையனிடம் நிரப்பச் சொல்லி, அவன் முன்னாலேயே "இது மாறாத கேஸ்மா" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்தை, கேஸ்னா என்ன?"

மாறாது என்பது உண்மையும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா என்று ஒரு மையம் 1995 முதல் நடக்கிறது, மற்றச் சிறார் சிறைகள் சமாளிக்க முடியாமல் அனுப்பும் பையன்கள் அங்கே வருகிறார்கள். தண்டனையைக் கூட்டிக்கொண்டே போகாமல், நல்லபடி நடந்த ஒவ்வொரு நாளுக்கும் சின்னச் சின்னச் சலுகை, விடாத பேச்சு. வெளியே வந்தபின் கணக்கெடுத்தபோது, வழக்கமான சிறையில் இருந்த ஒப்பீட்டுக் குழுவினர் 16 கொலைகள் செய்திருந்தார்கள், மெண்டோட்டாவில் இருந்தவர்கள் ஒன்றுகூடச் செய்யவில்லை. திருட்டு, அடிதடி எல்லாம் நின்றுபோகவில்லை, அங்கேயும் தோல்விகள் உண்டு. ஆனால் பதினாறு வயதில் இவ்வளவு நகர்கிறது என்றால் ஆறு வயதில் ஏன் நகராது.

இதைப் படிப்பவர்களில் சிலர் பிள்ளைக்காகப் படிக்கவில்லை, கணவனுக்காகப் படிக்கிறீர்கள், தெரியும். அவனுக்கும் சின்ன வயசில் காயம் இருந்திருக்கும். காரணம் தெரிந்தால் அடி வலிக்காமல் போகாது. வளர்ந்த ஆளை ஒட்டுதல் கொடுத்து வளர்ப்பது உங்கள் வேலை இல்லை. 181 பெண்களுக்கான உதவி எண்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கு முதல் ஒன்றரை வருடம் நோட்டைப் பார்த்தால்தான் முன்னேற்றமே தெரிந்தது, வாரத்துக்கு ஒன்பது சம்பவம் ஆறாகும், ஆறு நான்காகும், அப்புறம் அவன் அப்பா போன் செய்வார், திரும்ப ஒன்பது. பன்னிரண்டு வயதில் ஒரு சறுக்கல் வந்தது, பள்ளி மாறினபோது, மறுபடி கொட்டைப் பாட்டிலை எடுத்தோம், அதற்கு அவன் வெட்கப்பட்டான். இப்போதும் பிறர் அழுதால் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிகிறது. புரிந்ததும் என்ன செய்வதென்று என்னைப் பார்க்கிறான்.

போன மாதம் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்து, "அத்தை, உங்க ஊறுகாய் ஜாடி உடைஞ்சிருச்சு, நான்தான்" என்றான். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. சாரியும் சொல்லவில்லை. கையில் துடைப்பம் இருந்தது.

"செருப்பைப் போட்டுக்கிட்டுக் கூட்டு" என்றேன்.